இணைந்த கைகளில் ஒரு கை

தீக்காயத்துக்குக் கட்டு மாத்தும்போது வலியைத் தாங்க ஒவ்வொருத்தரும் ஒரு வழி வச்சிருப்பாங்க. சிலர் குலசாமியைக் கூப்பிடுவாங்க. சிலர் டாக்டரைத் திட்டுவாங்க. அச்சங்குளத்துல இருந்து வந்த ஒரு அண்ணாச்சி பாட்டு முணுமுணுப்பார்.

அச்சங்குளம்னா உங்களுக்கு ஞாபகம் வரும். 2021 பிப்ரவரி 12, பட்டாசு ஆலை வெடிவிபத்து. 20 பேருக்கு மேல் இறந்தாங்க. இவருக்கு நடந்தது வேறொரு சின்ன விபத்து. பட்டாசுக்கு மருந்து செலுத்துற கையில காயம்.

"செந்தூரப்பூவே படத்துப் பாட்டா அண்ணாச்சி? ராஜா ராஜாதான்!" என்றேன்.

"இல்ல சார். அது மனோஜ் கியான்."

தெரியாமத்தான் சொல்லிட்டேன். நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. காரணம் இருக்கு. அதே சொல்லில் தொடங்கும் '16 வயதினிலே' (1977) பாட்டு இளையராஜா போட்டது. 1988-ல் வந்த 'செந்தூரப்பூவே' படத்துக்கு இசை மனோஜ் கியான். அது ஒரு ஆள் இல்லை, ரெண்டு பேர்: மனோஜ் பட்நாகர், கியான் வர்மா.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்தாங்க. இயக்கம் அரவிந்த்ராஜ், தயாரிப்பு ஆபாவாணன். இசையில் ஆபாவாணனோடு இந்த ரெண்டு பேரும். படம் பெரிய வெற்றி. அடுத்த வருஷம் 'உழவன் மகன்'. அதுக்கடுத்து 'செந்தூரப்பூவே'. மூணுலயும் விஜயகாந்த். தமிழ்நாடு முழுக்க இளையராஜா பாட்டு ஒலிச்ச காலத்துல, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்ல இவங்க பாட்டும் இடம் பிடிச்சது சின்ன விஷயம் இல்லைங்க.

1990-ல் ஆபாவாணனோட 'இணைந்த கைகள்' வந்தது. பாடல்களுக்கு இசைன்னு கியான் வர்மா பெயர் மட்டும். படத்தோட பேரைப் பாருங்க! மனோஜ் பட்நாகர் 1999-ல் 'என்றென்றும் காதல்' படத்தை இயக்கி, இசையும் அமைச்சார்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 'யாஸூ'ன்னு ஒரு ஜோடி. வின்ஸ் கிளார்க் சின்தசைசர் வாசிப்பார், அலிசன் மோயே பாடுவார். பெரிய வாத்தியக் கோஷ்டி இல்லாமலே ரெண்டு பேர் ஒரு முழு ஆல்பம் போட முடியும்னு காட்டினவங்க. 1982-ல் முதல் ஆல்பம், 1983-ல் இரண்டாவது, அதோட பிரிஞ்சாச்சு. ஆனா அங்கே ரெண்டு பேருக்கும் பேர் நிலைச்சது. கிளார்க் 'இரேஷர்' தொடங்கினார், மோயே தனிப் பாடகி ஆனார்.

இங்கே என்ன ஆச்சு? ஜோடி கலைஞ்சதும், பாட்டு யாருதுன்னு சொல்ல ஆள் இல்லை. நல்லா இருந்தா ராஜா கணக்குல எழுதிடுறோம். இளையராஜாவுக்கு அதனால கூடப்போறது ஒண்ணுமில்லை. இவங்களுக்குப் போறது எல்லாமே.

"உங்களுக்கு எப்படி அண்ணாச்சி இது தெரியும்?"

"கேசட் அட்டையில போட்டிருக்கும் சார். நான் எப்பவுமே சின்ன எழுத்தையும் படிப்பேன். நாங்க போடுற வெடி எத்தனையோ ஊருக்குப் போகுது. பெட்டியில கம்பெனி பேருதான் இருக்கும்."

நான் பதில் சொல்லலை. கட்டைச் சுத்தி முடிச்சேன்.

அடுத்த தடவை அவர் வந்தப்போ கேஸ் ஷீட்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டேன்: "இன்னைக்கு என்ன பாட்டு அண்ணாச்சி? இசை யாரு?"