ஜெர்மானிய மரபிசை: மூன்று பெயர்களின் வரலாறு

முன்னுரை

ஜெர்மானிய மரபிசை எனும்போது நாட்டுப்பாடல், வால்ட்ஸ், போல்கா ஆகிய மூன்றும் ஒருங்கே நினைக்கப்படுகின்றன. இவை தொன்றுதொட்டு ஊர்ப்புற மக்களிடையே வழங்கி வருபவை என்றும், ஆக்கியோர் பெயர் அறியப்படாதவை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் இவற்றைக் குறிக்கும் சொற்கள் எப்போது, எம்மொழியில், எத்தேவை கருதித் தோன்றின என்று நோக்கின் வேறொரு வரலாறு புலப்படுகிறது. முதற்பெயர் மொழிபெயர்ப்பின் துணையால் பிறந்தது. இரண்டாவது ஒரு வினைச்சொல்லிலிருந்து கிளைத்தது. மூன்றாவது செக் மொழி தந்தது. இப்பெயர்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஃபோல்க்ஸ்லீட்

பாடல்கள் பழமையானவை, அவற்றை ஒரே வகையாக நோக்கும் கருத்து பிற்காலத்தது. 1535இல் எகெனோல்ஃப் என்பார் பிராங்க்பர்ட்டில் அச்சிட்ட தொகுப்பு, தெருப்பாட்டு, குதிரைவீரர் பாட்டு என்று பாடும் இடத்தையும் பாடுவோரையும் கொண்டே பாடல்களுக்குப் பெயரிட்டது. அவை அனைத்திற்கும் பொதுப்பெயராக 'ஃபோல்க்ஸ்லீட்' என்னும் சொல்லை 1773இல் வெளிவந்த கட்டுரையொன்றில் வழங்கியவர் ஹெர்டர் ஆவார். 1765இல் பெர்சி வெளியிட்ட பழம் ஆங்கிலப் பாடல் தொகுப்பின் தாக்கம் அவரிடம் மிகுதி. ஆங்கிலத்தில் வழங்கிய 'பாப்புலர் சாங்' என்னும் தொடரை ஒட்டியே அவர் இச்சொல்லை அமைத்தார் எனக் கருதப்படுகிறது.

அக்காலத்து ஜெர்மானிய நிலப்பகுதி பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அரசவைகளில் பிரெஞ்சுச் சுவையே ஓங்கியிருந்தது. ஆதலின் மொழியையும் பாடலையும் ஒரு மக்களின் அடையாளமாகக் காணும் தேவை எழுந்தது. எனினும் ஹெர்டர் 1778, 1779ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகளில் ஆங்கிலம், டேனிஷ், ஸ்பானியம், லிதுவேனியம், எஸ்டோனியம் முதலிய பல மொழிப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் இடம்பெற்றன. ஜெர்மன் நாட்டுப்பாடல் என்னும் கருத்தை நிலைநாட்டிய நூல் பெரிதும் ஒரு மொழிபெயர்ப்பு நூலாக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

அம்மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு திரிபும் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. டேனிஷ் கதைப்பாடல் ஒன்றில் வந்த 'எல்ஃப்களின் அரசன்' என்னும் பொருளுடைய சொல்லை, ஆல்டர் மரத்தின் பெயரோடு இயைத்து 'எர்ல்கோனிக்' என ஹெர்டர் பெயர்த்தார். கதே 1782இல் அப்பெயரையே தம் கதைப்பாடலுக்குச் சூட்டினார்.

2. ஆக்கியோரும் பெயரின்மையும்

ஆர்னிமும் பிரெண்டானோவும் 1805 முதல் 1808 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'சிறுவனின் அற்புதக் கொம்பு' வாய்மொழியோடு பழைய அச்சு நூல்களையும் பயன்படுத்திக்கொண்டது. தொகுப்பாளர்கள் பாடல்களைத் திருத்தியும் விரித்தும் எழுதினர். இதனை ஃபோஸ் என்னும் அறிஞர் அப்போதே கடுமையாகச் சாடினார்.

மறுபுறம், புலவர் இயற்றிய பாடல்கள் மக்கள் பாடல்களாயின. மோர் எழுதிய சொற்களுக்கு 1818இல் குரூபர் இசையமைத்த 'அமைதியான இரவு' என்னும் கிறிஸ்துமஸ் பாடல், டைரோல் நாட்டுப்பாடகர் குடும்பங்களால் பரவி, 1830களில் 'உண்மையான டைரோல் பாடல்கள்' என்னும் தலைப்பின்கீழ் அச்சேறியது. 1854இல் குரூபர் தாமே அதன் தோற்றத்தை எழுதி விளக்க நேர்ந்தது.

ஹைனெ 1824இல் வெளியிட்ட லோரெலை கவிதைக்குச் சில்ஹர் அமைத்த மெட்டு அதனை நாடறிந்த மக்கள் பாடலாக்கியது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஹைனெயின் நூல்கள் 1933இல் நாஜிகளால் எரிக்கப்பட்டன. அப்பாடலோ மக்கள் நாவினின்று நீங்கவில்லை. 'மக்கள் பாடல்' என்னும் சிறப்பு, ஆக்கியோனை மறக்கச் செய்யவும் வல்லது என்பதற்கு இது சான்றாகும்.

இச்சிக்கலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்பாட்டு விவாதமாயிற்று. நாட்டுப்பாடல் மக்களிடையே தோன்றுவதே என்றார் போமர். புலவர் பாடலே மக்கள் வாயில் பயின்று நாட்டுப்பாடலாகிறது என்றார் ஜான் மேயர். அவர் 1914இல் பிரைபுர்க்கில் ஜெர்மன் நாட்டுப்பாடல் ஆவணக் காப்பகத்தை நிறுவினார்.

3. வால்ட்ஸ்

ஆஸ்திரியா, பவேரியா ஆகிய பகுதிகளில் இணையர் சுழன்றாடும் மூன்றெண்ணிக்கைத் தாள ஆடல்கள் பல பெயர்களில் வழங்கின. லெண்ட்லர் என்பது நிலப்பகுதியாலும், டிரேயர் என்பது சுழற்சியாலும், ஷ்லைஃபர் என்பது சறுக்கி நகர்தலாலும் பெற்ற பெயர்கள். 'உருளுதல், சுழலுதல்' எனப் பொருள்படும் 'வால்ட்சன்' என்னும் வினையிலிருந்து பிறந்ததே வால்ட்ஸ்.

மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி' (1787) இசைநாடகத்தில் உயர்குடியினர்க்கு மினுவெட்டும் வேலையாள், குடியானவன் ஆகியோர்க்கு ஜெர்மன் ஆடலும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. குடிமக்களுக்கு உரியதாக அங்குக் காட்டப்பட்ட ஆடல், 1814-15 வியன்னா மாநாட்டுக் காலத்தில் அரசவை ஆடலாகிவிட்டது. லண்டனில் 1816இல் 'தி டைம்ஸ்' இதழ் இதனை ஒழுக்கக்கேடு எனக் கண்டித்தது. பின்னர் லானரும் ஸ்ட்ராஸ் குடும்பத்தாரும் இதனை நகர இசையாக வளர்த்தனர். 'நீல டான்யூப்' (1867) முதன்முதலில் ஆடவர் பாடற்குழுவுக்காகச் சொற்களுடன் அரங்கேறியது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

4. போல்கா

இரண்டெண்ணிக்கைத் தாளம் கொண்ட போல்கா 1830களில் பொகீமியாவில் தோன்றியது. செக் மொழியில் 'பாதி' எனப் பொருள்படும் 'பூல்கா' என்னும் சொல்லின் திரிபே இப்பெயர் என்பர் ஒருசாரார். 'போலந்துப் பெண்' என்பதே நேர்ப்பொருள் என்றும், 1830-31இல் ருஷ்ய ஆட்சியை எதிர்த்தெழுந்த போலந்து மக்கள்மீது கொண்ட பரிவால் இப்பெயர் அமைந்தது என்றும் மற்றொரு சாரார் கூறுவர். 1840இல் பாரிசை அடைந்த இவ்வாடல் 1844இல் பாரிசிலும் லண்டனிலும் பெருமோகமாயிற்று.

வெய்வோதா என்னும் செக் இசையமைப்பாளர் 1927இல் ஆக்கிய போல்காவொன்று 1934இல் 'வீணான காதல்' என்னும் பொருளுடைய தலைப்போடு செக் சொற்களைப் பெற்றது. அதுவே ஜெர்மனில் 'ரோசமுண்டே' என்னும் பெண்பெயராகவும், 1939இல் ஆங்கிலத்தில் பீர்ப்பீப்பாய்ப் போல்காவாகவும் உருமாறியது. இன்று அது ஜெர்மானிய மரபிசையென்றே பலரால் கருதப்படுகிறது. இசை மாறாதிருக்க மொழிபெயர்ப்பே அதன் நாட்டை மாற்றிவிட்டது எனலாம்.

முடிவுரை

'ஃபோல்க்' என்னும் சொல் மக்கள், பொதுமக்கள், தேசிய இனம் ஆகிய பொருள்களைத் தருவது. நாஜி ஆட்சியில் இனவாதப் பொருளும் ஏற்றது. ஹெர்டரே தெருக்கூட்டத்தை இச்சொல்லினின்று விலக்கினார். ஆதலின் 'ஃபோல்க்ஸ்லீட்' என்பதை எல்லா இடத்தும் 'நாட்டுப்புறப் பாடல்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. அது மூலத்தில் இல்லாத ஊர்ப்புறச் சார்பைப் புகுத்துகிறது. ஹெர்டரின் வழக்கிற்கு 'மக்கள் பாடல்' என்பதும், மேயர் விளக்கிய நிகழ்வுக்கு 'மக்கள் வழக்குப் பாடல்' என்பதும் ஏற்புடையன.

பிரைபுர்க் காப்பகம் 2014இல் மக்கள்திரள் பண்பாடு, இசை ஆய்வு மையமாக உருமாறியது. அதன் ஜெர்மன் பெயரில் 'ஃபோல்க்ஸ்லீட்' இல்லை. 'பாப்புலர்' என்பதன் ஜெர்மன் வடிவமே உள்ளது. ஹெர்டருக்கு மாதிரியாக இருந்த ஆங்கிலச் சொல் ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்குப் பின் அவர் படைத்த சொல்லின் இடத்தில் வந்து அமர்ந்துள்ளது.