மூளி

இலங்கையின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தமிழில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு மூளையின் பகுதிகள் மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவையே பெருமூளை, சிறுமூளை, முகுளம். மூன்றில் மூளிதான் என்னை நிறுத்துகிறது. பாடநூலுக்கு வெளியே அச்சொல்லுக்கு வேறு வாழ்க்கை உண்டு. நகையில்லாத காது மூளிக் காது, வாய் உடைந்த பானை மூளிப் பானை. ஏதோ ஒன்று குறைந்து நிற்பது மூளி.

விஞ்ஞானத்து மூளி வேறு வழியில் வந்த சொல். லத்தீனில் செரிப்ரம் என்றால் மூளை. அதைச் சிறிதாக்கிச் சொன்னால் செரிபெல்லம், மூளியின் லத்தீன் பெயர். மூளையிலிருந்து மூளையமும் மூளியும் கிளைத்த விதத்தில் அதே உறவைப் பார்க்கிறேன். அடிச்சொல்லான மூளையோ பழைய திராவிடச் சொத்து. தமிழில் அது எலும்புக்குள் இருக்கும் மச்சையையும் குறித்தது. தெலுங்கில் மூலுக என்றால் மச்சை, கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பே. நீள்வளைய மையவிழையத்தின் லத்தீன் பெயரில் உள்ள மெடுல்லாவும் மச்சைதான். ஓட்டுக்குள் ஒளிந்த மென்மையை இரண்டு மொழிக் குடும்பங்களும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன.

மூளியின் வேலையைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு உடலியலாளர் பியர் ஃப்ளூரன்ஸ். புறாக்களின் மூளியை அகற்றிப் பார்த்த அவருடைய ஆய்வு 1824இல் நூலாக வந்தது. பறவைகளுக்குக் கண் தெரிந்தது, அசையவும் முடிந்தது. ஆனால் அசைவுகள் ஒன்றோடொன்று இசையவில்லை, சரியாக நடக்கவோ பறக்கவோ இயலவில்லை. 2009இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களில் 6,900 கோடி மூளியில்தான் இருக்கின்றன. எடையிலோ அது மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். குறைபட்டதைச் சொல்லும் பெயர், மிகுதியாக நிறைந்த பகுதிக்கு வாய்த்திருக்கிறது!

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பாருங்கள். கால்கள் ஈரச் சரிவில். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக் கூடை தொங்குகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கைகள் கிள்ள, கண் அதற்குள் அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. கூடை நிறைய நிறைய அதன் பாரம் உடலைப் பின்னுக்கு இழுக்கும். அதற்கேற்ப முதுகையும் முழங்காலையும் திருத்திக்கொண்டே இருப்பதில் மூளிக்குப் பெரும்பங்கு. ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் அங்கே பதிந்த தேர்ச்சி அது. இதைத் திறன் வேண்டாத வேலை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

மூளியை நீக்கச் சொல்லவில்லை, முறையாக அமைந்த சொல் அது. பாடநூலில் அதன் பக்கத்தில் சிறுமூளை என்றும் அச்சிட வேண்டும். உயர்தரம் முடித்துத் தமிழ்நாட்டு மருத்துவ நூல்களையும் வாசிக்கப்போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டு பெயரும் வேண்டும்.