பாகூர்ச் செப்பேடுகள்

மணப்பட்டுக்கு அணித்தே உள்ளது பாகூர். 9-ஆம் நூற்றாண்டில் அங்கே சிறந்து விளங்கிய வித்தியாஸ்தானம் என்னும் வடமொழிக் கல்லூரிக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் இறையிலியாக வழங்கப்பெற்றன. அரசுக்குச் சேரவேண்டிய வரி கல்விக்குச் சென்றது. வடமொழியிலும் தமிழிலும் இதனைக் கூறும் செப்பேடுகள் 1879-இல் கிடைத்தன. அந்நாளில் பாகூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், அவை பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர்.

செப்பேட்டைப் பூட்டி வைத்தல் காவல். மக்கள் படித்தறியத் தருதலே கல்வி. அன்று வேதமும் சாத்திரமும் சிலர்க்கே உரியனவாயிருந்தன. இன்று கல்வி அனைவர்க்கும் பொது. வரலாறு மட்டும் சிலர் உடைமையாதல் முறையாகுமோ? மூலம் எங்கிருப்பினும், அச்செப்பேடுகளின் படியும் தமிழ் விளக்கமும் பாகூர் வட்டாரப் பள்ளிதோறும் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.