பாட்டைக் காவல் காக்கப் பிறந்தது

பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினால் 'இ' என்றோ 'எஃப்' என்றோ ஒரு டிரைவ் எழுத்தோடு வந்து உட்காருகிறது. அதே போர்ட்டில் ஆண்ட்ராய்டு டேப்லெட்டைச் சொருகிப் பாருங்கள். எழுத்து கிடையாது, கருவியின் பெயர் மட்டும் தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. தெரிந்து, ஆசையோடு திறந்தால் உள்ளே காலி. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்யப் போட்டால் பச்சைக் கோடு கடைசிவரை ஓடிவந்து அப்படியே நின்றுவிடும். கேபிள் சரியில்லை, வைரஸ் புகுந்துவிட்டது, டேப்லெட்டே போச்சு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பல நேரம் எதுவும் கெட்டிருக்காது. இரண்டுக்கும் நடுவே நின்று பேசும் எம்.டி.பி. என்ற நெறிமுறையின் பிறவிக்குணம் அது. முழுப்பெயர் மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால். அதை டேப்லெட்டை மனதில் வைத்து யாரும் உருவாக்கவில்லை.

முதலில் யுஎஸ்பி. 1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கீபோர்டுக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, பிரிண்டருக்கு 25 துளைகளோடு அகலமாக ஒன்று. இதற்கெல்லாம் ஒரே போர்ட் போதும் என்று 1994-ல் காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்ட்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வேலையைத் தொடங்கின. இன்டெல்லில் அதற்கு முன்னின்றவர், வடோதராவில் படித்துவிட்டு அமெரிக்கா போன அஜய் பட். 1996 ஜனவரியில் முதல் வடிவம் வந்தது. 1998-ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய துளைகளை எல்லாம் எடுத்துவிட்டு யுஎஸ்பியை வைத்த பிறகுதான் கடைகளில் அதற்கேற்ற கருவிகள் குவிந்தன.

பழைய அகல வடிவ யுஎஸ்பி முனை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் கொஞ்சம் நீளம், நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் குட்டை. ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தகவலுக்கு. சொருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் நடுவில் உள்ள இரண்டுக்கும் உள்ளே கம்பியே ஓடாது. டேப்லெட் சார்ஜ் ஆகும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒன்று வந்திருப்பதே தெரியாது. கேபிளை மாற்றிப் பார் என்று எல்லோரும் முதலில் சொல்வது இதனால்தான்.

கம்பி சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் கேட்கும் முதல் கேள்வி, நீ யார் என்பது. கீபோர்டு, பிரிண்டர், சேமிப்புக் கருவி என்று வந்தது தன் வகையைச் சொல்ல வேண்டும். சேமிப்புக் கருவி என்று பதில் வந்தால் கம்ப்யூட்டர் அதன் நினைவகம் முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு எல்லாமே அதன் பொறுப்பு. பென் டிரைவுக்கு இது பொருத்தம், ஏனென்றால் அதற்குச் சொந்தமாக யோசனை எதுவும் கிடையாது.

கேமராவுக்கு உண்டு. டிஜிட்டல் கேமராக்கள் பெருகிய நேரத்தில் கம்பெனிக்கு ஒரு மென்பொருள், ஒரு சிடி என்று தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க 2000-ல் வந்த பொது நெறிமுறைதான் பிடிபி, அதாவது பிக்சர் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால். இதில் கம்ப்யூட்டர் கேமராவின் நினைவகத்தைத் தொடவே முடியாது. சீட்டைக் கொடுத்தால் கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்து தரும் பழைய மளிகைக் கடை மாதிரி. என்னென்ன படம் இருக்கிறது என்று கேட்டால் கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சொல்லும், இன்ன எண் வேண்டும் என்றால் அதை மட்டும் அனுப்பும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஃபைலின் அளவைச் சொல்ல 32 பிட் இடம் ஒதுக்கினார்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய அளவு 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 2000-ல் எந்தப் படம் 4 ஜிபியைத் தொடப் போகிறது?

கதையில் பணம் நுழைவது இங்கேதான். இணையத்தில் எம்பி3 பாட்டுகள் இலவசமாகச் சுற்றிய சுற்றில் இசை நிறுவனங்கள் நடுங்கிப் போயிருந்தன. காசு வாங்கிக்கொண்டு விற்ற பாட்டு இன்னொருவர் கருவிக்குத் தாவக் கூடாது என்று பூட்டு கேட்டார்கள். பாட்டுப் பெட்டி வெறும் சேமிப்புக் கருவியாக இருந்தால் பூட்டு நிற்காது, யார் வேண்டுமானாலும் எதையும் அள்ளிப் போடலாம். கருவியே கதவடியில் நின்று இது செல்லுபடியாகும், இது ஆகாது என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கேமராக்காரர்களின் பிடிபியை எடுத்து, அதன்மேல் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், உரிமப் பூட்டு ஆகியவற்றை ஏற்றி, 2004-ல் விண்டோஸ் மீடியா பிளேயர் 10-உடன் வெளியிட்டது. அதுதான் எம்.டி.பி. 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்ற முத்திரை போட்ட பாட்டுப் பெட்டிகள் அதன் முதல் வாடிக்கையாளர்கள்.

அந்த முத்திரைக்கு நேர்ந்த கதியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2006-ல் மைக்ரோசாஃப்ட் 'சூன்' என்ற தன் சொந்தப் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. கட்டாயம் பாடும் என்று அதே நிறுவனம் முத்திரை குத்தி உத்தரவாதம் தந்த பாட்டுகள் சூனில் பாடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பூட்டில்லாத பாட்டுகளே கடைக்கு வந்துவிட்டன. அமேசான் 2007-ல் அப்படியே தொடங்கியது, ஆப்பிள் 2009-ல் பூட்டைக் கழற்றியது. எந்தப் பூட்டுக்காக எம்.டி.பி. பிறந்ததோ அதற்கு வேலையில்லாமல் போனது. ஆனால் 2008-லேயே யுஎஸ்பி அமைப்பு எம்.டி.பி.யைத் தன் அதிகாரப்பூர்வ வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. பிழைத்துக்கொண்டது.

அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர்கள் ஆண்ட்ராய்டுக்காரர்கள். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் சொருகினால் யுஎஸ்பி சேமிப்பை இயக்கு என்று ஒரு பட்டன் வரும். அமுக்கியதும் மெமரி கார்டு முழுவதும் கம்ப்யூட்டர் கைக்குப் போய்விடும். இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரம் எழுதினால் கார்டு குட்டிச்சுவராகும் என்பதால், அதுவரை போன் கார்டை விட்டு விலகி நிற்கும். அவ்வளவு நேரமும் பாட்டு இல்லை, கேலரி இல்லை, கார்டில் வைத்திருந்த ஆப்கள் இல்லை. இதைத் தவிர இன்னொரு சிக்கலும் இருந்தது. உள் நினைவகத்தை ஆப்களுக்கு ஒரு பாகம், படம் பாட்டுக்கு ஒரு பாகம் என்று வெட்டி வைப்பார்கள். ஒரு பாகம் நிரம்பி வழியும், மற்றது காலியாகக் கிடக்கும், ஆனாலும் புது ஆப் போட முடியாது.

2011 பிப்ரவரியில் மோட்டரோலா சூம் டேப்லெட்டோடு ஆண்ட்ராய்டு 3.0 வந்தது. அதில் இந்தப் பாகப்பிரிவினையை ஒழித்து, உள்ளே இருந்த 32 ஜிபியையும் ஒரே குளமாக ஆக்கினார்கள். அந்தக் குளம் லினக்ஸ் பாணியில் அமைந்தது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும் கொடுக்க முடியாது, டேப்லெட்டின் உயிரே அதில்தான் ஓடுகிறது. எனவே டேப்லெட் தானே எடுத்துத் தரும் முறை தேவைப்பட்டது. விண்டோஸில் ஏற்கெனவே இருந்தது எம்.டி.பி. வேறு வழியில்லாத நல்ல முடிவு என்றே நான் சொல்வேன். ஆனால் பாட்டுப் பெட்டிக்குத் தைத்த சட்டை டேப்லெட்டுக்கு அங்கங்கே பிடிக்கத்தான் செய்கிறது.

எங்கெங்கே பிடிக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். டேப்லெட் திரை பூட்டியிருந்தால் உள்ளே உள்ளதைக் காட்டாது, பூட்டைத் திறந்த பிறகு பாருங்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சொருகியவுடன் சார்ஜ் மட்டும் ஏறும். முன்பின் தெரியாத போர்ட்டில் சொருகி ஃபைலைப் பறிகொடுக்காமல் இருக்க அந்தப் பாதுகாப்பு. திரையை மேலிருந்து இழுத்து, யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது எடுத்த ஃபைல் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? டேப்லெட் தன் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது, பட்டியலில் ஏறாதது இல்லாததுதான். டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். ஒரு பெரிய ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் உறைந்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற கேமரா காலத்துச் சட்டம் அது, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே வழி. இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கம்ப்யூட்டரின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை நீக்கிவிட்டு, ஹப் இல்லாமல் நேரடியாக வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள்.

ஐரோப்பாவில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டி விற்றது உள்ளிட்ட காரணங்களுக்காக 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டு, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. அப்படிப் பிறந்தது 'என்' பதிப்பு. பிளேயரோடு ஒட்டிப் பிறந்த எம்.டி.பி.யும் அதில் காணாமல் போனது. விண்டோஸ் 10 'என்' வைத்திருப்பவர் எந்தக் கேபிளை மாற்றினாலும் டேப்லெட் தெரியாது. அமைப்புகளில் விருப்பத் தேர்வு அம்சங்களுக்குப் போய் 'மீடியா ஃபீச்சர் பேக்'கை நிறுவ வேண்டும். மேக் கம்ப்யூட்டரிலோ எம்.டி.பி. தொடக்கம் முதலே இல்லை, தனியாக ஒரு செயலி போட்டுத்தான் ஆக வேண்டும். லினக்ஸில் தன்னார்வலர்கள் எழுதிய 'லிப்எம்டிபி' இருக்கிறது. அதுவும் பழைய கிரியேட்டிவ் பாட்டுப் பெட்டிகளுக்காக எழுதிய மென்பொருளின் வழியில் வந்ததுதான்.

4 ஜிபியைத் தாண்டிய வீடியோவைப் பொறுத்தவரை எம்.டி.பி.யோடு மல்லுக்கட்டாதீர்கள். பிற்பாடு அந்த எல்லைக்கு ஒட்டுப் போட்டார்கள் என்றாலும் இரண்டு பக்கமும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் வேலை செய்யும். ஓடிஜி இணைப்பான் ஒன்று வாங்கி, பென் டிரைவை டேப்லெட்டிலேயே சொருகிவிடுங்கள். பெரிய ஃபைல் என்றால் பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், எல்லா டேப்லெட்டும் அதைப் படிக்காது. முதலில் ஒரு சின்னப் படத்தைப் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரியதில் கை வையுங்கள்.