காதடைப்பும் மூக்கின் வழியும்

சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து காதில் எழுந்த குத்தல் தணிந்த பின்னரும், பஞ்சு வைத்ததுபோல் ஒலி மந்தமாகக் கேட்கும் நிலை காதடைப்பு எனப்படுகிறது. செவிப்பறைக்குப் பின்னுள்ள காற்றறையாகிய நடுச்செவியில் நீர் தேங்குவதும், அவ்வறையை மூக்கின் பின்புறத்தோடு இணைத்துக் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் யூஸ்டேசியன் குழல் வீங்கி மூடிக்கொள்வதுமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே புழங்கும் ஓசூர் வட்டாரத்துத் தொரப்பள்ளியிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, இதற்கு இரு கைமருந்துகள் அறியப்பட்டவை. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் சில சொட்டு விடுவது ஒன்று. கொதிக்கும் நீரில் நொச்சித்தழையைப் போட்டுப் போர்வைக்குள் அமர்ந்து ஆவி பிடிக்கும் வேது மற்றொன்று. எண்ணெய் விடும் முறைக்கு நெடிய நூல்மரபு உண்டு. காதுநோய்களை 28 வகையாகப் பகுக்கும் சுசுருத சம்ஹிதையின் உத்தரதந்திரம் செவியை மருந்தெண்ணெயால் நிரப்பும் கர்ணபூரணத்தையும் கூறுகிறது. ஆயினும் செவிப்பறை முழுமையாக இருக்கும்வரை எண்ணெய் நடுச்செவியை எட்டுவதில்லை. சீழ் வடிந்து பறை துளைபட்டிருந்தாலோ, உள்ளே இறங்கித் தீங்கு செய்யக்கூடும். வேதுவும் தேங்கிய நீரை வடித்துவிடுவதில்லை என்றாலும், மூக்கடைப்புக்கு ஆறுதல் தந்து, கோளாறு தொடங்கும் பக்கத்தையே நாடியது என்ற அளவில் அதைப் பயன்படுத்திய வீட்டுப் பெண்களின் கூர்மை மதிக்கத்தக்கது.

ஐரோப்பிய மருத்துவமும் இவ்வழியை மெல்லவே கண்டடைந்தது. இத்தாலியின் அந்தோனியோ வல்சால்வா 1704இல் வெளியிட்ட நூலில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சைத் தள்ளும் முறையைத் துளைபட்ட காதிலிருந்து சீழை வெளியேற்றுவதற்காகப் பரிந்துரைத்தார்; இன்று விமானப் பயணிகள் அழுத்தத்தைச் சமன்செய்ய மேற்கொள்வதும் அதுவே. 1724இல் வெர்சாய் நகரின் அஞ்சல் அலுவலரான கியோ என்பவர், தம் காதடைப்பை நீக்க வாய்வழியே வளைந்த குழாயைச் செலுத்திய முறையைப் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் விளக்கினார். நோயாளிக்கு இத்தகைய துன்பம் தராத வழியை 1863இல் வியன்னாவின் ஆடம் பொலிட்சர் வகுத்தார். ரப்பர் பையின் முனையை ஒரு நாசியில் பொருத்தி, மறு நாசியை அழுத்தி மூடி, நோயாளி ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்கும் நொடியில் பையை நசுக்கினால், விழுங்கும்போது இயல்பாகத் திறக்கும் குழலின் வழியே காற்று நடுச்செவிக்குள் புகும். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த 1878ஆம் ஆண்டிலேயே பொலிட்சரின் காதுமருத்துவப் பாடநூலின் முதல் தொகுதியும் வெளிவந்தது. அந்நாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூரின் குழந்தைகளுக்கு அந்த அறிவு எட்டாத் தொலைவில் இருந்தது என்பது வருந்தத்தக்கது.

நீர் வடியாமலே நின்றுவிடும் காதுகளுக்கு, செவிப்பறையில் சிறு கீறலிட்டுப் பொருத்தும் நுண்குழாயை 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்டிராங் வழக்குக்குக் கொண்டுவந்தார். கிரோமெட் என இன்று அழைக்கப்படுவது அதுவே. எனினும் குழந்தைகளின் காதில் தேங்கும் நீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வற்றிவிடுவதால், மருத்துவர்கள் முதலில் காத்திருந்து, அதன்பின் கேட்கும் திறனைச் சோதிக்கின்றனர். காதுக்கோளாறுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து கேளாமையைத் தடுப்பதற்கென இந்திய அரசு 2007இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பில் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கவனக்குறைவானவன் என்று கடிந்துகொள்ளாமல் காதைப் பரிசோதிக்க அனுப்பும் ஆசிரியரிடமிருந்தே அத்தகைய திட்டத்தின் பயன் தொடங்குகிறது.