பெட்டார்ட் என்றொரு போர்க்கப்பல்

யு-571 படம் பார்த்திருப்பீங்க. 2000-ல வந்த ஹாலிவுட் படம். அமெரிக்க வீரர்கள் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள புகுந்து எனிக்மா இயந்திரத்தைத் தூக்கிட்டு வர்ற கதை. படம் நல்லாத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனா இங்கிலாந்துக்காரங்க கடுப்பாகி, பார்லிமெண்ட் வரைக்கும் அந்தப் பேச்சு போச்சு. ஏன்னா நிஜத்துல அந்த மாதிரி வேலையை முதல்ல செஞ்சவங்க அவங்கதான். படம் முடிஞ்சு எழுத்து ஓடும்போது மட்டும் போனாப் போகுதுன்னு பிரிட்டிஷ் கப்பல்கள் பேரைப் போட்டிருப்பாங்க. நாமதான் அதுக்குள்ள எழுந்து போயிடுவோமே :-)

அதுல ஒரு பேர் பெட்டார்ட். நாசகாரிக் கப்பல். டைன் நதிக்கரையில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் கட்டப்பட்டு, 1942-ல் போருக்கு வந்தது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்று நாட்டு நீர்மூழ்கிகளையும் மூழ்கடிச்சதில் பங்கு இதுக்கு உண்டு. ஆனா நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கை இல்லை. இந்தக் கப்பலோட இரண்டு நாட்களைப் பற்றி.

முதல் நாள், 1942 அக்டோபர் 30.

அப்ப அட்லாண்டிக்கில் நிலைமை படுமோசம். அந்த வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி ஜெர்மன்காரன் தன் நீர்மூழ்கிகளுக்குக் கொடுத்திருந்த எனிக்மாவில் நாலாவதா ஒரு சக்கரத்தைச் சேர்த்துட்டான். அதுவரை செய்திகளை உடைச்சுப் படிச்சுக்கிட்டிருந்த பிளெட்ச்லி பார்க் ஆசாமிகளுக்கு அன்னிலேர்ந்து கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. சரக்குக் கப்பல்கள் வரிசையா முழுகின. 1942 நவம்பரில் மட்டும் நீர்மூழ்கிகள் 7 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களைக் கடலுக்கடியில் அனுப்பின.

இந்த நேரத்தில்தான் எகிப்துக்கு வடக்கே மத்தியதரைக் கடலில் யு-559 என்ற நீர்மூழ்கி ஒரு விமானத்தின் கண்ணில் பட்டது. பெட்டார்ட் உட்பட ஐந்து கப்பல்கள் சுற்றி வளைச்சு மணிக்கணக்கா டெப்த் சார்ஜ் போட்டன. அது ரொம்ப ஆழத்துல போய்ப் பதுங்கிக்கிச்சு. குண்டு அதுக்கு மேலேயே வெடிச்சுடுது. என்ன செய்யறது? குண்டுக்குள் தண்ணீர் புகும் ஓட்டைகளை சோப்பு வெச்சு அடைச்சாங்களாம்! தண்ணீர் மெதுவா ஏறும், குண்டு இன்னும் கீழே போய் வெடிக்கும். நம்ம ஊர் மெக்கானிக் மூளை அங்கேயும் இருந்திருக்கு.

ராத்திரி 10.40 வாக்கில் யு-559 மேலே வந்தது. ஜெர்மன் மாலுமிகள் தண்ணீரில் குதித்தார்கள். கப்பலை மூழ்கடிக்க வால்வுகளைத் திறந்தவர்கள், அவசரத்தில் ரகசியப் புத்தகங்களை அழிக்காமல் விட்டுவிட்டார்கள்.

பெட்டார்டின் கேப்டன் மார்க் தார்ன்டன் எப்படியாவது ஒரு நீர்மூழ்கிக்குள் ஆளை இறக்கி ஆவணங்களை எடுத்துடணும்னு ரொம்ப நாளா காத்திருந்தவர். இப்ப மூணு பேர் போனார்கள். துணைத்தலைவர் லெப்டினன்ட் ஆண்டனி ஃபாசன். மாலுமி காலின் கிரேஸியர், அந்த வருஷம்தான் கல்யாணம் ஆனவர். மூணாவது ஆள் டாமி பிரௌன், கப்பல் கேன்டீன் பையன். வயசு 16. பொய் வயசு சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்.

குண்டுபட்ட ஓட்டை வழியா தண்ணீர் கொட்டிக்கிட்டிருக்கு. உள்ளே இருட்டு. ஃபாசனும் கிரேஸியரும் கேப்டன் அறை அலமாரிகளை உடைச்சு, கிடைச்ச புத்தகங்களை எல்லாம் மேலே கொடுக்கறாங்க. பிரௌன் வாங்கி வாங்கிப் படகில் சேர்க்கிறான். கடைசியா மேலே வந்தவன், "போதும், வந்துடுங்க"ன்னு கத்தியிருக்கான். அவர்கள் ஏணியில் கால் வைத்த நேரம் நீர்மூழ்கி மொத்தமா உள்ளே போயிடுச்சு. பிரௌன் நீந்தித் தப்பித்தான். மற்ற இருவரும் திரும்பவே இல்லை.

அவர்கள் எடுத்துக் கொடுத்ததில் முக்கியமானவை சின்னச் செய்திகளுக்கான இரண்டு குறிப்பேடுகள். ஒன்று வானிலை பற்றியது. அதனால என்ன பிரயோஜனம்னு கேட்கலாம். நீர்மூழ்கி வானிலைச் செய்தி அனுப்பும்போது நாலாவது சக்கரத்தை சும்மா நிறுத்தி வெச்சுட்டு, பழைய மூணு சக்கர இயந்திரம் போலவே அனுப்பும். கரையிலிருக்கும் வானிலை நிலையங்களில் இருந்தது அந்தப் பழைய மாடல்தான். ஆக, வானிலைக் குறிப்பேடு கையில் இருந்தா மூணு சக்கரத்தைக் கண்டுபிடிச்சுடலாம். மீதி ஒரு சக்கரத்துக்கு 26 நிலைதானே, போட்டுப் பார்த்துடலாம். புத்தகங்கள் நவம்பர் 24-ல் பிளெட்ச்லிக்குப் போயின. டிசம்பர் 13-ல் பூட்டு திறந்தது. அதற்குப் பிறகு எத்தனை சரக்குக் கப்பல்கள் வழியை மாற்றிக்கொண்டு தப்பின என்பதை எண்ணி முடியாது.

இறந்த இருவருக்கும் 1943-ல் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், பிரௌனுக்கு ஜார்ஜ் மெடல். விக்டோரியா கிராஸ் ஏன் இல்லைன்னா, எதிரி எதிரில் நிற்கும்போது காட்டிய வீரத்துக்குத்தான் அதுவாம்! காலிக் கப்பல் கணக்கில் வராதாம். அவர்கள் எடுத்து வந்த புத்தகத்தால் என்ன ஆச்சு என்பதோ, எனிக்மா ரகசியம் 1974-ல் வெளியே வரும் வரை யாருக்கும் சொல்லப்படவில்லை. பிரௌன் அதுவரை இருக்கவும் இல்லை. 1945-ல், லீவுக்கு வந்திருந்தபோது, நார்த் ஷீல்ட்ஸில் வீடு தீப்பிடிக்க, தங்கச்சியைக் காப்பாற்றப் போய் இறந்துட்டான்.

இரண்டாவது நாள், 1944 பிப்ரவரி 12. இது நம்ம பக்கத்துக் கடலில் நடந்தது.

மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு ஐந்து படைக்கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. காவலுக்கு ஹாக்கின்ஸ் என்ற க்ரூசர், பெட்டார்ட், பாலடின். மாலத்தீவுக்குப் பக்கத்தில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஜப்பானின் ஐ-27 விட்ட இரண்டு டார்பிடோக்கள் கெடிவ் இஸ்மாயில் கப்பலைத் தாக்கின. இரண்டு நிமிஷம்கூட ஆகலை, கப்பல் முழுகிடுச்சு. அதில் இருந்தவர்கள் 1,500 பேருக்கு மேல். பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்க பீரங்கிப் படை வீரர்கள், கூடவே நர்சுகள். முக்கால்வாசிப் பேர் கப்பலோடேயே போய்விட்டார்கள்.

பிழைத்த சில நூறு பேர் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். ஐ-27 எங்கே பதுங்கியிருந்தது தெரியுமா? அவர்களுக்குக் கீழேயே.

இப்ப பெட்டார்டின் கேப்டன் ரூபர்ட் ஈகன். விட்டால் மீதி நாலு கப்பலுக்கும் ஆபத்து, அதில் ஆயிரக்கணக்கானவர்கள். குண்டு போட்டால் தண்ணீரில் இருப்பவர்கள் சாவார்கள். ஈகன் போட்டார். காப்பாற்ற வருகிறார்கள் என்று கை நீட்டியவர்கள் நடுவில் டெப்த் சார்ஜ் விழுந்தது.

ஐ-27 கடைசியில் மேலே வந்தது. பெட்டார்டின் பீரங்கிக் குண்டு அதன் உடம்பைத் துளைக்கவில்லை. மோதப் போன பாலடின் வயிறு கிழிந்து திரும்பியது. ஏழாவது டார்பிடோதான் முடித்து வைத்தது. பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள் 208 ஆண்கள், 6 பெண்கள். குண்டால் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

முதல் நாளின் கதையை ரகசியம் என்று சொல்ல விடவில்லை. இரண்டாம் நாளின் கதையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வந்திருக்கும்? முதல் நாளில் தன் உயிரைக் கொடுத்து ஊரைக் காப்பாத்தினாங்க. இரண்டாம் நாளில் சொந்த ஆட்களோட உயிரைக் கொடுத்து மத்தவங்களைக் காப்பாத்தினாங்க. கப்பல் ஒண்ணுதான், கணக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா முதல் கணக்கைப் போட்டவங்க தங்களையே அதில் வெச்சாங்க.

ஈகன் செய்தது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. சரின்னு சொல்லவும் வரலை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தா என்ன செய்திருப்பேன்னு யோசிச்சேன், பதில் கிடைக்கலை. உங்களுக்குக் கிடைச்சா சொல்லுங்க.

பெட்டார்ட் 1967-ல் ஸ்காட்லாந்தில் உடைக்கப்பட்டு இரும்பாகப் போனது. கிரேஸியரின் ஊரான டாம்வொர்த்தில் மூன்று நங்கூரங்கள் வைத்து ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மூன்று பேருக்கு மூன்று. கேன்டீன் பையனுக்கும் ஒன்று.