லேண்ட்ரோவரின் நீண்ட ஆயுள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவர் வண்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துரை பங்களாவின் முன்னே நிற்கும். விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் வெளிக்காட்டுப் பாதையில் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும். சம்பளப் பணம் வந்ததும் அதில்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் பல தோட்டங்களில் அதில்தான். ஒரே வண்டி இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. "அந்தக் காலத்து இரும்பு, அதனால்தான் உழைத்தது" என்பார்கள் அவர்கள். ஆனால் அந்த வண்டியின் மேலுடம்பில் இரும்பு மிகக் குறைவு என்பதுதான் வேடிக்கை. பிறகு எப்படி அது இத்தனை காலம் உழைத்தது? அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் மிஞ்சியவை பல நாடுகளில் விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தின் ரோவர் கார்க் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணைக்கு அப்படியொரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். இது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. வாங்க வேறு வண்டி இல்லை. அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ்தான் கம்பெனியின் நிர்வாகத் தலைவர். ஆகவே தாங்களே ஒன்றைச் செய்துவிடுவது என்று 1947-இல் சகோதரர்கள் முடிவு செய்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் மக்கள் பார்வைக்கு வந்தது. விலை 450 பவுன்.

அப்போது இங்கிலாந்தில் இரும்புக்குப் பெரும் பஞ்சம். எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. போர் விமானத் தொழிலின் காரணமாக அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. எனவே மேலுடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தகட்டை வளைத்து அழகு பார்க்கப் பெரிய அச்சு இயந்திரங்களுக்குப் பணம் இல்லாததால் பக்கங்களைத் தட்டையாகவே விட்டார்கள். அடிச்சட்டமாகிய சேசிசுக்கும் அதே கதைதான். எஃகுப் பட்டைகள் நான்கை ஒட்டவைத்து நீண்ட பெட்டிபோல் ஆக்கினார்கள். பூசிய பச்சை வண்ணமும் போரில் மிஞ்சிய விமானச் சாயம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் செய்து, கார் வியாபாரம் சீரானதும் நிறுத்திவிடலாம் என்பதே கம்பெனியின் எண்ணம்.

ஆனால் அந்தச் சிக்கனமே வண்டிக்கு வாழ்வு கொடுத்தது. தட்டைத் தகடு நசுங்கினால் மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். மட்கார்டு கெட்டுப்போனால் போல்ட்டுகளைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். பல பாகங்கள் ஒரு காலத்து வண்டியிலிருந்து இன்னொரு காலத்து வண்டிக்குப் பொருந்தின. நிறுத்த நினைத்த வண்டியின் பத்து இலட்சமாவது பிரதி 1976-இல் வெளிவந்தது. அதன் வழிவந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29-ஆம் நாள்தான் சோலிஹல் தொழிற்சாலையை விட்டு இறங்கியது.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி முடிந்து ஏழு வாரம் ஆவதற்குள் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இராணுவமும் போலீசும் லேண்ட்ரோவரை நம்பிக் காட்டுப் பாதைகளில் சுற்றின. தோட்டக்காரர்கள் சிலர் தங்கள் வண்டிகளுக்கு எஃகுத் தகடுகளைக் கவசமாகப் பூட்டினார்கள். அந்தப் பாரத்தையெல்லாம் ஸ்பிரிங் பட்டைகளும் ஆக்ஸிலும்தான் சுமந்தன. புது வண்டிக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை.

அந்தக் காலத்திலேயே இன்னொரு சோதனையும் நம் மண்ணில் முடிந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், 1955 செப்டம்பர் 1-ஆம் நாள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர்களில் புறப்பட்டார்கள். கருநீல வண்டிக்கு ஆக்ஸ்போர்டு என்றும் வெளிர்நீல வண்டிக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா எல்லாம் கடந்து, போர்க்காலத்தில் போடப்பட்டுப் பின் கைவிடப்பட்ட லெடோ சாலை வழியாகப் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். தாய்லாந்தையும் மலாயாவையும் தாண்டி 1956 மார்ச் 6-ஆம் நாள் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். மொத்தம் ஆறு மாதம், ஆறு நாள். அந்த ஆறு பேரில் ஹென்றி நாட் என்பவருக்கு வண்டிகளின் பராமரிப்பே பொறுப்பு என்பதைக் கவனியுங்கள்.

பிற்பாடு இரண்டு வண்டிகளின் தலையெழுத்தும் வேறு வேறாகப் போயிற்று. கேம்பிரிட்ஜ் இன்னொரு பயணத்தின்போது ஈரானில் மலைப் பள்ளத்தில் உருண்டு அழிந்தது. ஆக்ஸ்போர்டு, அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவில் பறவை ஆராய்ச்சியாளர்களுக்கு உழைத்தது. பிறகு செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய் அங்கே பழுதாகிக் கிடந்தது. அதை 2017-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சீர்செய்தார்கள். 2019 ஆகஸ்ட் 25-ஆம் நாள் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. டிசம்பர் 14-ஆம் நாள் லண்டன் போய்ச் சேர்ந்தது. 1956-இல் வந்தவர்களில் ஒருவரான டிம் ஸ்லெசரின் பேரன் இந்தத் தடவை அதில் பயணம் செய்தார்.

இதைக் கேட்டவுடன், லேண்ட்ரோவர் கெடவே கெடாத வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். அடிக்கடி கெடும். எண்ணெய் ஒழுகும். சேற்றில் சக்கரம் சிக்கியிருக்கும்போது கிளட்சைத் திடீரென்று விட்டால் பின் ஆக்ஸில் தண்டு 'படார்' என்று முறியும். அப்படி முறிந்தாலும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முன்சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேரலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

மெய்யான எதிரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. சேசிஸ் உள்ளே வெற்றுப் பெட்டி என்று சொன்னேன் அல்லவா? செம்மண் சேறு அதன் துளைகள் வழியே உள்ளே புகுந்து, நனைந்தபடியே தங்கிவிடும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே இரும்பு ஏடு ஏடாக உதிரும். பெரும்பாலும் பின்கோடியிலுள்ள குறுக்குச் சட்டம்தான் முதலில் போகும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மையே. ஈரத்தில் அது இரும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஆகவே வண்டியின் மேலே துடைத்துப் பளபளப்பாக்கியவரைவிட, குழாய்த் தண்ணீரைச் சட்டத் துளைக்குள் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றியவரே வண்டிக்கு நல்லது செய்தவர்.

ஆறு கடக்கும் பழக்கமுள்ள வண்டிக்கு வேறு சில கவனங்கள் உண்டு. கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீரில் இறங்குமுன் அதற்கு ஒரு திருகு மூடி போட வேண்டும். கரையேறியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றிக் கிளட்சில் ஏறிவிடும். ஆக்ஸில் எண்ணெயைத் திறந்து பார்ப்பதும் அவசியம். அது பால் விட்ட தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மாற்ற வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றி மணலைத் துடைக்க வேண்டும். முன்சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள உருண்டைக் கூட்டில் துருப்புள்ளிகள் விழுந்தால் அங்குள்ள எண்ணெய்த் தடுப்பு கிழியும். எண்ணெய் வற்றி, உள்ளிருக்கும் ஆணி தேயும், ஸ்டியரிங் ஆடும். எல்லாமே சிறு வேலைகள். ஒன்றைத் தள்ளிப்போட்டால் இன்னொன்று கெடும்.

தோட்டங்களில் இந்த வேலைகளைச் செய்தவர்கள் யார்? டிரைவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும்தான். அவர்களில் நம்மவர்களே பல தோட்டங்களில் இருந்தார்கள். ஆங்கிலக் கையேட்டை வாசிக்க முடியாதவர்கள்கூட, சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். வண்டியைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் பெயரும் இருக்கிறது. தோட்டத்து வண்டியை முப்பது ஆண்டு ஓட வைத்தவர் பெயர் எந்தப் பதிவிலும் அநேகமாக இல்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு பெரியவர் இருந்தால், அவர் கதையைக் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

1970-களில் நிலைமை மாறியது. ரோவர் கம்பெனி 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய குழுமத்தில் சேர்ந்தது. லேண்ட்ரோவர் சம்பாதித்த பணம் நட்டத்தில் ஓடிய கார்களுக்குப் போயிற்று. வண்டியைச் சீர்திருத்தவும் போதிய எண்ணிக்கையில் செய்யவும் முடியவில்லை. டோயோட்டா கம்பெனியோ 1951-இலேயே தன் ஜீப்பைச் செய்து, 1960-இல் நாற்பதாம் வரிசை லேண்ட்குரூசரை வெளியிட்டிருந்தது. லேண்ட்ரோவரின் பெட்ரோல் இயந்திரம் இரண்டேகால் லிட்டர். டோயோட்டாவினுடையது ஏறக்குறைய நான்கு லிட்டர். ஆக்ஸில் தண்டும் எளிதில் முறியாது. ஆனால் அதன் மேலுடம்பு எஃகு. கழுவித் துடைக்க ஆளில்லாத இடத்தில் அதுவும் சீக்கிரமே துருவேறியது.

கேமரன் மலையில் கோசும் தக்காளியும் ஏற்றிச் செங்குத்துப் பாதைகளில் இறங்கும் பழைய லேண்ட்ரோவர்களை இன்றும் காணலாம். முகப்பைத் திறந்து பார்த்தால் சிலவற்றில் இயந்திரம் ஜப்பானியதாக இருக்கும். கதவு ஒரு வண்டியினுடையது, மட்கார்டு இன்னொரு வண்டியினுடையது. சேசிசில் ஒட்டுப் போட்ட தழும்புகள் பல.